உங்க ஊர் நூலகத்தில் அடுத்து என்ன நிகழ்ச்சி? நூலக வரி கட்டும் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விவரங்கள்

வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சொத்து வரிக்குக் கீழே ‘நூலக வரி’ என்று ஒரு தொகை தனியாக இருக்கும். சில ரசீதுகளில் மொத்தத் தொகையோடு சேர்ந்தே வரும். தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் கட்டும் பணம் இது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாக இதற்குப் பங்களிக்கிறார்கள்.

அந்தப் பணத்தில்தான் உங்கள் ஊர் கிளை நூலகம் நடக்கிறது. செய்தித்தாள், புத்தகம் மட்டுமில்லை. குழந்தைகளுக்கான கதை நேரம், கோடை முகாம், போட்டித் தேர்வு வழிகாட்டல், எழுத்தாளர் சந்திப்பு என்று பல நிகழ்ச்சிகளும் நூலகங்களில் நடக்கின்றன. பெரும்பாலும் இலவசம். ஆனால், பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கே பல நேரங்களில் விஷயம் தெரிவதில்லை.

என்னென்ன நிகழ்ச்சிகள் நடக்கும், எப்போது நடக்கும், எப்படித் தெரிந்துகொள்வது, நடக்கவே இல்லை என்றால் யாரிடம் கேட்பது? இதோ முழு விவரம்.

நூலக வரி என்றால் என்ன?

1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் நூலகங்களுக்காக ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் சட்டம் இதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்கான அடிப்படை யோசனைகளைத் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ‘இந்திய நூலகவியலின் தந்தை’ என்று அழைக்கப்படுபவர்.

சட்டத்தின் மையமான ஏற்பாடு இந்த வரி. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலகத்துக்கு. அதாவது, ஒரு வீட்டுக்கு சொத்து வரி 3,000 ரூபாய் என்றால் நூலக வரி 300 ரூபாய். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை இதை வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆணைக்குழுவின் செயலாளராக இருப்பவர் மாவட்ட நூலக அலுவலர். புத்தகம், கட்டடம், பராமரிப்பு, நிகழ்ச்சிகள் என எல்லாம் இந்த ஆணைக்குழு வழியாகத்தான் நடக்கும்.

ஆக, நூலகத்தில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி யாரோ தர்மத்துக்குச் செய்வது இல்லை. ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

என்ன மாதிரி நிகழ்ச்சிகள் நடக்கும்?

தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பல அளவுகளில் இயங்குகின்றன. எல்லா இடத்திலும் எல்லா நிகழ்ச்சியும் நடக்காது. பொதுவாகப் பார்க்கக் கிடைப்பவை இவை:

• குழந்தைகளுக்கு: கதை சொல்லல், ஓவியம், கையெழுத்துப் பயிற்சி, சதுரங்கம், எளிய அறிவியல் செயல்விளக்கம், புத்தக வாசிப்புப் போட்டி.

• போட்டித் தேர்வர்களுக்கு: டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு போன்றவற்றுக்கான வழிகாட்டல் கூட்டம், மாதிரித் தேர்வு. தேர்வில் வென்றவர்களே வந்து பேசும் நிகழ்ச்சிகளும் உண்டு.

• பெரியவர்களுக்கு: நூல் அறிமுகம், எழுத்தாளர் சந்திப்பு, சிறுகதை விவாதம், உள்ளூர் வரலாறு பற்றிய பேச்சு.

• எல்லாருக்கும்: கண் பரிசோதனை போன்ற மருத்துவ முகாம், இணையப் பயன்பாட்டுப் பயிற்சி, சைபர் மோசடி விழிப்புணர்வு, அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது பற்றிய விளக்கம்.

இதில் போட்டித் தேர்வர்களுக்கான நிகழ்ச்சிகள்தான் பல குடும்பங்களுக்கு நேரடியாகக் கைகொடுப்பவை. தனியார் பயிற்சி மையத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்ட முடியாத ஒரு இளைஞருக்கு, அமைதியான ஒரு மேசையும், புதிய வழிகாட்டி நூல்களும், வாரம் ஒரு மாதிரித் தேர்வும் பெரிய விஷயம். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் காத்திருக்கும் இளைஞர்களை மாவட்ட மைய நூலகங்களில் பார்க்கலாம்.

நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டமும் இருக்கிறது. தன்னார்வலர்கள் மூலம் நடக்கும் திட்டம் இது. உங்கள் பகுதியில் செயல்படுகிறதா என்று கிளை நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எந்த மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

நூலக நிகழ்ச்சிகளுக்கு ஒரு ஆண்டுச் சுழற்சி உண்டு. இந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டால், சில வாரங்களுக்கு முன்பே கேட்டு விசாரிக்கலாம்.

பிப்ரவரி: 21ஆம் தேதி உலகத் தாய்மொழி நாள், 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள். பேச்சு, வினாடி வினா போன்றவற்றை நடத்த ஏற்ற நாட்கள்.

மார்ச்: 8ஆம் தேதி உலக மகளிர் நாள். பெண் எழுத்தாளர்கள், பெண் வாசகர்களுக்கான கூட்டங்கள்.

ஏப்ரல்: 23ஆம் தேதி உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995இல் அறிவித்த நாள் இது. புத்தகக் காட்சி, புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவை இந்த வாரத்தில் அதிகம்.

மே: பள்ளி விடுமுறை என்பதால் கோடை முகாம்கள். குழந்தைகள் இருக்கும் வீடுகள் தவறவிடக் கூடாத மாதம் இதுதான். இடம் குறைவாக இருந்தால் முன்பதிவு கேட்பார்கள். ஏப்ரல் கடைசியிலேயே போய் விசாரிப்பது நல்லது.

ஜூலை: 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாள். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவதால், மாணவர்களுக்கான போட்டிகளை இதையொட்டி எதிர்பார்க்கலாம்.

ஆகஸ்ட்: 12ஆம் தேதி தேசிய நூலகர் நாள். ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டிக் கொண்டாடப்படுகிறது.

நவம்பர்: 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. ஆண்டிலேயே அதிகமான நிகழ்ச்சிகள் நடக்கும் வாரம். சிறிய ஊர்ப்புற நூலகத்தில்கூட ஒரு கூட்டமாவது நடத்தப் பார்ப்பார்கள். மாணவர்களுக்கான பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள், பரிசளிப்பு, புதிய புரவலர் சேர்ப்பு எல்லாம் இந்த வாரத்தில்தான்.

இவை தவிர, மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களையும், பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று நதிகளின் பெயரில் அரசு நடத்திய இலக்கியத் திருவிழாக்களையும் கவனிக்கலாம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பெரிய நூலகங்களில் என்ன சிறப்பு?

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது அண்ணா நூற்றாண்டு நூலகம். இங்கே சனிக்கிழமை மாலைகளில் நடந்துவரும் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சிக்கு என்று ஒரு ரசிகர் கூட்டமே இருக்கிறது. எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆய்வாளர்கள், அதிகாரிகள் வந்து பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் வாசகர்கள் கேள்வி கேட்கலாம். நடுவில் செயற்கை மரம் வைத்த குழந்தைகள் பகுதியில் வார இறுதிகளில் சிறுவர் நிகழ்ச்சிகள் நடக்கும். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு பிரெய்லி பிரிவு இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் தனி இடம் உண்டு.

மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகள் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பிரிவு, போட்டித் தேர்வுப் பிரிவு, கூட்ட அரங்கு எல்லாம் ஒரே கட்டடத்தில். தென் மாவட்ட மாணவர்கள் சென்னைக்குப் போக வேண்டிய அவசியத்தைக் குறைத்ததுதான் இதன் முக்கியப் பலன். சென்னை எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்திலும் அவ்வப்போது கூட்டங்களும் கண்காட்சிகளும் நடக்கும்.

ஆனால் ஒரு விஷயம். பெரிய நூலகத்துக்கு மாதம் ஒருமுறை போகலாம். ஒரு பத்து வயதுப் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் தனியா நடந்து போகக்கூடியது தெருமுனையில் இருக்கும் கிளை நூலகம்தான். அங்கே நிகழ்ச்சி நடக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

நிகழ்ச்சி நடப்பதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

• அறிவிப்புப் பலகை: இன்றைக்கும் முதல் வழி இதுதான். பல கிளை நூலகங்களில் வாசலில் இருக்கும் கரும்பலகையிலோ, ஒரு வெள்ளைத் தாளிலோதான் நிகழ்ச்சி விவரம் இருக்கும்.

• நூலகரிடம் நேரில் கேட்பது: வாட்ஸ்அப் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எண்ணைக் கொடுத்துச் சேர்ந்துகொள்ளலாம்.

• சமூக வலைத்தளப் பக்கங்கள்: பெரிய நூலகங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே பதிவிடும். சிலவற்றின் காணொளியும் பிறகு கிடைக்கும்.

• நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதி: சின்ன எழுத்தில் இருந்தாலும், உள்ளூர் கூட்டங்கள் பல இதில் வந்துவிடும்.

போகும் முன் நேரத்தைச் சரிபாருங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் ஞாயிறு அன்று பூட்டியிருக்கும் என்று நினைத்துப் போகாதவர்கள் நிறைய. சிறிய நூலகங்கள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று பிரித்துத் திறப்பதும் உண்டு.

கட்டணம் உண்டா? உறுப்பினராக இருக்கணுமா?

உட்கார்ந்து படிக்கவோ, பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளவோ உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினர் அட்டை தேவை. அதற்குச் சிறிய முன்வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் இருக்கும். முகவரிச் சான்று கேட்பார்கள். முகாம்களில் மட்டும் பொருட்களுக்காகச் சிறு தொகை கேட்க வாய்ப்புண்டு. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கொஞ்சம் கூடுதலாக உதவ நினைப்பவர்களுக்கு ‘புரவலர்’ திட்டம் இருக்கிறது. 1,000 ரூபாய் செலுத்தி ஒரு நூலகத்தின் புரவலர் ஆகலாம். பல கிளை நூலகங்களின் சுவரில் இருக்கும் பெயர்ப் பட்டியல் இவர்களுடையதுதான்.

வாசகர் வட்டம் என்றால் என்ன?

ஒரே மாவட்டத்தில், ஒரே மாதிரி கட்டடத்தில், ஒரே அளவு புத்தகங்களோடு இரண்டு கிளை நூலகங்கள் இருக்கும். ஒன்றில் மாதந்தோறும் கூட்டம் நடக்கும். இன்னொன்றில் காலையில் நாலு பேர் பேப்பர் படித்துவிட்டுப் போவதோடு சரி. இந்த வித்தியாசத்துக்குப் பல இடங்களில் காரணம், வாசகர் வட்டம்.

வாசகர் வட்டம் என்பது நூலகத்தின் வழக்கமான வாசகர்கள் சேர்ந்து அமைக்கும் குழு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள் என்று யாரும் இருக்கலாம். தலைவர், செயலாளர் என்று பொறுப்புகள் உண்டு, சம்பளம் கிடையாது. பேச்சாளரை அழைப்பது, நாற்காலி, மைக் ஏற்பாடு செய்வது, டீக்குச் சொல்வது, புரவலர்களைச் சேர்ப்பது, கட்டடம் ஒழுகினால் அதிகாரிகளிடம் மனு கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை.

சின்ன நூலகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு நூலகர்தான். கதவைத் திறப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர்தான். நிகழ்ச்சிக்கு என்று தனி ஆள் இல்லை. பக்கத்தில் நின்று தோள் கொடுக்க நாலு வாசகர்கள் இருந்தால், நடத்தலாம் என்ற தைரியம் அவருக்கு வரும்.

நீங்களே ஒரு நிகழ்ச்சி கேட்க முடியுமா?

முடியும். கேட்பவர்கள் குறைவு என்பதுதான் உண்மை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. முதலில் நூலகரிடம் பேசுங்கள். எந்த நாள், எந்த நேரம் கூட்டம் குறைவு, எத்தனை பேர் உட்கார முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

2. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன நிகழ்ச்சி, யாருக்காக, யார் நடத்துவார், எவ்வளவு நேரம், நூலகத்திடம் என்ன உதவி தேவை. இந்த ஐந்தும் இருந்தால் போதும்.

3. கிளை நூலகர் அளவில் முடிவெடுக்க முடியாவிட்டால், கடிதம் மாவட்ட நூலக அலுவலருக்குப் போகும். அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

4. சின்னதாகத் தொடங்குங்கள். பத்துக் குழந்தைகள், ஒரு மணி நேரம், ஒரு கதை. அது நல்லபடியா நடந்தால் அடுத்த மாதம் கேட்க வேண்டியதே இருக்காது.

கட்சிப் பிரசாரம், மதப் பிரசாரம், பொருள் விற்பனை ஆகியவற்றுக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது.

நூலகம் பூட்டியே கிடந்தால்?

முதலில் அது யாருடைய நூலகம் என்று பாருங்கள். நூலகத் துறையின் கிளை நூலகமா, ஊராட்சியின் நூலகமா? 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் கட்டப்பட்டன. இவை ஊராட்சியின் பொறுப்பு. இவற்றில் பல திறக்கப்படாமல் கிடப்பதாகத் தொடர்ந்து செய்திகள் வந்துள்ளன.

ஊராட்சி நூலகம் என்றால், கிராம சபையில் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நடக்கும் நாட்கள். வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நூலகத் துறையுடையது என்றால், மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுக்கலாம். உங்கள் உள்ளாட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் முழுசாகவும் நேரத்துக்கும் ஒப்படைப்பதில்லை என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் புகார். பணம் வராவிட்டால் முதலில் தள்ளிப்போவது புதுப் புத்தகங்களும் நிகழ்ச்சிகளும்தான்.

வாசகர்கள் வந்தால்தான் நூலகம்

1931இல் மன்னார்குடி பகுதியில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. நூலகம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணத்தில், ரங்கநாதனின் ஊக்கத்தோடு நடந்த முயற்சி அது. அதே ஆண்டில்தான் நூலகவியலுக்கான ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைக்கும் சொத்து இல்லை, பயன்பட வேண்டியது என்பதுதான் அவற்றின் அடிப்படை.

80 ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில், அண்ணா நூற்றாண்டு நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் அதே இடத்தில் நிலைத்தது. இது எங்கள் இடம் என்று கேட்க வாசகர்கள் இருந்தார்கள்.

கோட்டூர்புரத்துக்குக் கேட்க ஆள் இருந்தது. உங்கள் தெருமுனை நூலகத்துக்கு? ஆள் வராத நூலகத்தில் நிகழ்ச்சி நடக்காது. நிகழ்ச்சி நடக்காத நூலகத்துக்குப் புது ஆள் வருவதில்லை. கடைசியில், ‘யாரும் வர்றதில்லையே’ என்பதே நேரத்தைக் குறைக்கவும், பணியிடத்தை நிரப்பாமல் விடவும் காரணமாகிவிடும்.

அடுத்த ஞாயிறு காலை, வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பலகையில் அறிவிப்பு இருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை காலியாக இருந்தால், ‘அடுத்து என்ன நிகழ்ச்சி சார்?’ என்று நூலகரிடம் கேளுங்கள். ரசீதில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு, இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.